பூச்சாண்டியும் பிள்ளை வளர்ப்பும்
(வாணியம்பாடியில் ஆற்றிய சொற்பொழிவு)



நான் இங்கு வந்தால் வழக்கம்போல் சோதிடம், சடங்கு, பேய், பூதம் இவைகளைப் பற்றியே பேசுவேன் என்று நீங்கள் எதிர்பார்த்து வந்திருக்கலாம். ஆனால் இன்று நான் பேசப்போவது நமது வீடுகளில் ஓடி விளையாடும் 3 வயது, 4 வயதுக் குழந்தைகளைப் பற்றியேயாகும். "இதென்ன, ஒரு பிரசாரகன் மேடை போட்டுப் பேசவேண்டிய விஷயமா? பெண்கள் அடுப்பங்கரையில் பேசிக்கொள்ளும் சங்கதியல்லவா?" என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். அப்படி நினைப்பதுதான் நம்மிடத்தில் உள்ள பெரிய குறை என்பதை எடுத்துச் சொல்லவே நான் வந்திருக்கிறேன்.

நான் டாக்டரல்ல, உபாத்தியாயருமல்ல. பள்ளிப் படிப்பை எட்டாவதோடு விட்டுவிட்டு, பிறகு வாசகசாலையில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டவன். ஆதலால் இந்த விஷயத்தில் பேச எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்பீர்களானால், தப்புச் செய்து, அதனால் புத்தி வந்த ஒரு தகப்பன் என்கிற யோக்கியதைதான் என்று சொல்லிக்கொள்ளுகிறேன்.

தோழர்களே! நமது ஊரில் ஒரு சாதாரண குடும்பம் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். ஆண்பிள்ளை விடிந்தும் விடியாமலும் டேனரிக்கோ ஷூ கம்பெனிக்கோ போய்விடுகிறான். பெண்பிள்ளை சோறாக்கி, தண்ணீர் பிடித்து, துணி துவைத்துவிட்டு, முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்ற உட்காருகிறாள். எண்ணிக்கை குறைந்தால் கூலி குறையும். இலையைக் கத்தரிக்கும்போது குழந்தை வந்து முதுகில் ஏறுகிறது, தூளில் கை வைக்கிறது, "இது ஏன்? அது ஏன்?" என்று கேட்கிறது. அவள் என்ன செய்வாள்? "பூச்சாண்டி வரான், சும்மா இரு!" என்கிறாள். அதற்கும் அடங்காவிட்டால் போலீஸ்காரரைக் கூப்பிடுகிறாள். அதற்கும் அடங்காவிட்டால், "டாக்டர்கிட்டே கூட்டிப்போய் பெரிய ஊசி போடச் சொல்லிடுவேன்" என்கிறாள். குழந்தை அடங்கிவிடுகிறது. செலவில்லாத காவல்காரர்கள் மூன்று பேர்!

இதற்காக அந்தத் தாயைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அவளுக்கு இரண்டே கைதான் உண்டு. நான் குறை சொல்லுவது தகப்பன்மாரை. அதிலும் நம்மைப் போன்ற பகுத்தறிவு பேசுகிற தகப்பன்மாரை. நாம் மேடையேறி, "பேய் ஏது? பிசாசு ஏது?" என்று தொண்டை கிழியப் பேசுகிறோம். நம் வீட்டிலோ நம் பிள்ளையைக் காவல் காப்பது அதே பேயும் பிசாசுமேயாகும். இதைவிட வேடிக்கை உலகத்தில் வேறு உண்டா என்று கேட்கிறேன்.

நிற்க, என் வீட்டில் நடந்ததைச் சொல்லுகிறேன். எனக்கு நாலரை வயதில் ஒரு பெண் குழந்தை இருக்கிறது. பேய், பூதம் என்ற பேச்சே அந்தக் குழந்தையின் காதில் விழக்கூடாது என்று நான் வீட்டில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். அதில் எனக்குப் பெருமையும் உண்டு. ஆனால் குழந்தை சாப்பிட அடம்பிடித்தால் நானே என்ன சொல்லுவேன் தெரியுமா? "சாப்பிடாவிட்டால் டாக்டர் ஊசி போடுவார்" என்பேன். தெருவில் ஓடினால், "நாய் கடிக்கும், அப்புறம் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி போடுவாங்க" என்பேன். பேயை வெளியே துரத்திவிட்டு, அது இருந்த இடத்தில் டாக்டரை உட்கார வைத்துவிட்டேன். குழந்தைக்கு இரண்டும் ஒன்றுதானே!

சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் இரவு நான் பேசவேண்டிய கூட்டம் மழையினால் நின்றுவிட்டது. மற்ற நாட்களில் நான் வீடு திரும்பும்போது குழந்தை தூங்கியிருக்கும். அன்று விழித்திருந்தது. மின்சாரமும் நின்றுவிட்டது. மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்து, சுவரில் கைநிழலால் மான், முயல், பறவை என்று காட்டிக்கொண்டிருந்தேன். குழந்தை கைதட்டிச் சிரித்தது. அப்புறம் வாயைத் திறந்து மூடுகிற நாயின் நிழலைக் காட்டினேன். சிரிப்பு நின்றுவிட்டது. காலை மடக்கிப் பாவாடைக்குள் இழுத்துக்கொண்டு, "நாய் வேண்டாம் அப்பா" என்றது.

"ஏன் கண்ணு?" என்று கேட்டேன். பதிலில்லை. நான் கையை மறுபடியும் முயலாக்கி, "இந்த முயல் யார்கிட்டேயும் சொல்லாது, முயல்கிட்டே சொல்லு" என்றேன். குழந்தை நிழல் முயலிடத்தில் மெதுவாகச் சொன்னது: "நாய் கடிச்சிருச்சு. அப்பாகிட்டே சொல்லாதே. ஊசி போட்டுடுவாங்க."

விளக்கை எடுத்து வந்து பார்த்தேன். கெண்டைக்காலில் பல் பட்ட இரண்டு காயம். இரத்தம் வந்து காய்ந்திருந்தது. கடித்து இரண்டு நாள் ஆகியிருந்தது. அந்த இரண்டு நாளும் நாலரை வயதுக் குழந்தை வலியைப் பொறுத்துக்கொண்டு, குளிக்கும்போதுகூடக் காலை மறைத்து, எங்களிடத்தில் ஒளித்து வைத்திருந்தது. எதற்குப் பயந்து? நாய்க்கல்ல, நாய்தான் போய்விட்டதே! என்னுடைய வார்த்தைக்குப் பயந்து.

தோழர்களே! அன்றைக்கு மழை பெய்யாமலிருந்து, நான் எங்கேயோ ஒரு மேடையில் மூடநம்பிக்கையைக் கண்டித்துக்கொண்டிருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே எனக்கு உடம்பு நடுங்குகிறது.

உடனே சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் காயத்தைக் கழுவினோம். அதற்குள் தெருவில் செய்தி பரவி, ஒரு பாட்டியம்மாள் மந்திரிக்கிறவரிடம் போகலாம் என்றார். பக்கத்து வீட்டு அம்மாள் ஓதிய தண்ணீர் வாங்கி வருவதாகச் சொன்னார். இன்னொருவர் மிளகாய்த்தூளை வைத்துக் கட்டு என்றார். எல்லாரும் நல்ல எண்ணத்தோடு சொன்னவர்களே. நானும் வாயைத் திறந்து அவர்களுக்குப் புத்தி சொல்ல ஆரம்பித்தேன். அப்போது என் மனைவி, "என்னங்க, அவங்க சொன்ன மந்திரம் ஒண்ணும் பிள்ளை வாயைக் கட்டலை. நீங்க சொன்ன மந்திரம்தான் கட்டிடுச்சு" என்றார். அதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பேசாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஊசி போட்டார்கள். காலக்கெடுப்படி மற்ற ஊசிகளையும் போட்டு முடித்தோம். குழந்தை இன்று சுகமாக இருக்கிறது.

இந்த இடத்தில் நாய்க்கடியைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டியது அவசியமாகும். வெறிநாய்க்கடி நோய் என்பது நாயின் எச்சிலிலுள்ள ஒரு நுண்கிருமியால் வருவது. அது கடித்த இடத்திலிருந்து நரம்பு வழியாய் மெல்ல மெல்ல மூளைக்குப் போகிறது. போய்ச் சேர வாரக்கணக்கும் ஆகலாம், மாதக்கணக்கும் ஆகலாம். நோயின் குறி தெரிந்துவிட்டால் பிழைப்பது அநேகமாய் இல்லை. ஆனால் அதற்கு முன்னால் ஊசி போட்டுக்கொண்டால் தப்பிக்கலாம். ஆதலால் கடித்தவுடன் சோப்பும் தண்ணீரும் கொண்டு 15 நிமிஷம் நன்றாகக் கழுவவேண்டியது. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதையும் பூசாதிருக்கவேண்டியது. தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியது. நாள் தப்பிப் போயிருந்தாலும் "இனி என்ன" என்று இருந்துவிடாமல் தெரிந்த அன்றே போகவேண்டியது. அரசாங்க ஆஸ்பத்திரியில் இதற்குக் காசு கிடையாது.

இந்த வைத்தியத்தைப் பிரான்சு தேசத்துப் பாஸ்டர் என்பவர் முதன்முதலில் 1885-ம் வருஷம் ஜூலை மாதம் ஒரு 9 வயதுப் பையனுக்குச் செய்தார். அந்தப் பையனையும் நாய் கடித்து இரண்டு நாள் ஆகியிருந்தது. அவன் பிழைத்து, பெரியவனாகி, அதே பாஸ்டர் நிலையத்தில் காவலராக வேலை பார்த்தான். நமது நீலகிரிக் குன்னூரிலும் 1907-லேயே பாஸ்டர் நிலையம் ஏற்பட்டது. வயிற்றில் போடுகிற பழைய ஊசி, ஆட்டின் மூளையிலிருந்து செய்த மருந்தாகும். அந்த மருந்து செய்வதை நமது தேசத்தில் 2004-ம் வருஷத்தோடு நிறுத்திவிட்டார்கள். இப்பொழுது கையில் போடும் சில ஊசிகளோடு சரி. பாருங்கள்! உலகத்தில் அந்தப் பதினாலு ஊசி ஒழிந்து இத்தனை வருஷமாகியும் என் வாயில் மட்டும் அது ஒழியவில்லை. நான் பகுத்தறிவுவாதி!

இதிலிருந்து நான் தெரிந்துகொண்டது ஒன்றுதான். பயத்தினால் அடங்கும் பிள்ளை நல்ல பிள்ளையாவதில்லை, ஒளிக்கிற பிள்ளையாகிறது. இன்று நாய்க்கடியை ஒளிக்கும். நாளைக்கு வாத்தியார் அடித்ததை ஒளிக்கும். நாளை மறுநாள் எவனாவது ஒரு கயவன் தகாத முறையில் தொட்டால் அதையும் ஒளிக்கும். வாயைத் திறந்தால் தண்டனை என்று கற்றுக்கொடுத்துவிட்டு, பிறகு, "எங்களிடத்தில் ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டு அடிப்பதில் என்ன நியாயமிருக்கிறது?

"அப்படியானால் பிள்ளையை எப்படித்தான் வைத்துக்கொள்வது? சும்மா விட்டுவிடுவதா?" என்று கேட்பீர்கள். சும்மா விடச் சொல்லவில்லை. பயத்தைக் கொடுக்கிற இடத்தில் வேலையைக் கொடுங்கள் என்கிறேன். குழந்தை குறும்பு செய்கிறது என்கிறோமே, அதில் பெரும்பாகம் குறும்பல்ல. நாம் செய்வதைத் தானும் செய்து பார்க்கவேண்டும் என்கிற ஆசையேயாகும். இத்தாலி தேசத்தில் மாண்டிசோரி அம்மையார் என்ற ஒரு டாக்டர் 1907-ம் வருஷத்தில் ரோமாபுரியில் ஏழைத் தொழிலாளிகள் குடியிருந்த ஒரு பகுதியில், பெற்றோர் வேலைக்குப் போனபின் திரிந்துகொண்டிருந்த சிறு குழந்தைகளுக்கென்று ஒரு வீடு திறந்தார். அங்கே குழந்தைகள் தண்ணீர் ஊற்றவும், கை கழுவவும், பெருக்கவும், பித்தான் போடவும், பொருள்களை எடுத்த இடத்தில் வைக்கவும் பழகினார்கள். முரடு என்று பேரெடுத்த பிள்ளைகள் அதில் மூழ்கி அமைதியானதை அவர் கண்டார். அந்த அம்மையார் 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து, பிறகு யுத்த காலத்தில் கோடைக்கானலிலும் இருந்து, நமது நாட்டு உபாத்தியாயர்கள் பலருக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார். அவர் முறைப்படி நடக்கும் பள்ளிக்கூடங்கள் பல இன்று பணக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆகிவிட்டன. ஆனால் அதன் மூல சரக்கு ஏழை வீட்டுத் துடைப்பமும் செம்பும்தான் என்பதை மறக்கவேண்டாம்.

நம் வீட்டில் இதைச் செய்ய ஒரு காசும் வேண்டாம். இரண்டு டம்ளரில் ஒன்றில் தண்ணீர் வைத்து, மற்றொன்றில் சிந்தாமல் ஊற்றச் சொல்லுங்கள். சிந்தினால் அடிக்காமல் ஒரு துணியைக் கொடுத்துத் துடைக்கச் சொல்லுங்கள். ஒரு பிடி துவரையும் ஒரு பிடி கொண்டைக்கடலையும் கலந்து கொடுத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். ஆனால் பக்கத்திலேயே இருங்கள், சிறு குழந்தை மூக்கிலும் போட்டுக்கொள்ளும். காலையில் வாசலில் குழந்தையை நிற்க வைத்து அதன் நிழலைச் சுண்ணாம்புக் கட்டியால் வரையுங்கள். உச்சிவேளையில் மறுபடியும் அதே இடத்தில் நிற்க வைத்து வரையுங்கள். "என் நிழலை யார் தின்னுட்டாங்க?" என்று குழந்தை கேட்கும். அங்கேதான் வானசாஸ்திரம் ஆரம்பமாகிறது.

"நிலா ஏன் என் கூடவே வருது?" என்று ஒரு குழந்தை கேட்டால், "அது உன்னைப் பார்க்க வருது" என்று கதை கட்ட வேண்டாம். பஸ்ஸில் போகும்போது ஜன்னலோரம் உட்கார வையுங்கள். பக்கத்திலிருக்கும் கரண்டு கம்பம் விர்ரென்று பின்னால் ஓடும். தூரத்து ஏலகிரி மலையோ நம்மோடேயே வரும். "கிட்ட இருக்கிறது ஓடுது, தூர இருக்கிறது கூட வருது, நிலா மலையை விட எவ்வளவோ தூரம்" என்று சொன்னால் நாலு வயதுக் குழந்தைக்கு விளங்குகிறது. எனக்கு விளங்கியது நாற்பது வயதில். நமது ஆலங்காயம் வழியாகப் போனால் ஜவ்வாது மலையில் காவலூர் இருக்கிறது. அங்கே 1968 முதல் வானத்தை ஆராய்கிறார்கள். 1986-ல் திறந்த 2.3 மீட்டர் அகலக் கண்ணாடியுள்ள பெரிய தொலைநோக்கி அங்கேதான் இருக்கிறது. அவ்வளவு பெரிய கண்ணை நம் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கிரகணத்தன்று பிள்ளையை அறையில் போட்டுப் பூட்டுகிறோமே! வெறுங்கண்ணால் சூரியனைப் பார்க்கக் கூடாது என்பது வாஸ்தவம். அதற்குக் காரணம் பார்வை கெடும் என்பதே தவிர பாம்பு விழுங்கும் என்பதல்ல. காரணத்தைச் சொல்லிக் காப்பாற்றுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

பதில் தெரியாத கேள்வியும் வரும். "தெரியாது, பார்த்துச் சொல்றேன்" என்று சொல்ல வெட்கப்படாதீர்கள். சில கேள்விக்குப் பதில் தெரியும், சொல்லத்தான் வெட்கமாயிருக்கும். "ஆத்துத் தண்ணி ஏன் நாத்தம் அடிக்குது?" என்று என் மகள் கேட்டது. தோல் கழிவைப் பற்றி 1996-ல் டில்லி சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போய்த் தீர்ப்பு வந்த சங்கதி அது. "நாங்க பெரியவங்க கெடுத்துட்டோம் கண்ணு" என்றுதான் சொன்னேன். பொய்யைவிட அது மேல்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வேலை கொடுங்கள் என்று நான் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, பிள்ளையின் கையில் பீடிக் கட்டைக் கொடுத்துவிடாதீர்கள். 1931-ல் வெளியான தொழிலாளர் ராயல் கமிஷன் அறிக்கையில், பீடி போன்ற தொழில்களில் 5 வயதுக் குழந்தைகளும் நாளைக்கு 10 மணி, 12 மணி நேரம் வேலை செய்ததாகவும், மிகச் சிறியவர்களுக்கு 2 அணாவே கூலி என்றும் எழுதியிருக்கிறது. கடனுக்காகப் பிள்ளையின் உழைப்பை அடகு வைப்பதைத் தடுக்க 1933-ல் சட்டமே செய்ய நேர்ந்தது. 1986-ம் வருஷச் சட்டத்திலும் பீடி சுற்றுதல் பிள்ளைகளைச் சேர்க்கக்கூடாத வேலைகளில் ஒன்றாக வைக்கப்பட்டது. குழந்தை தன் அறிவு வளரச் செய்வது வேறு; பெரியவர்கள் எண்ணிக்கை நிரம்பச் செய்வது வேறு. "இந்த வேலையில் பலன் யாருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரிந்துவிடும்.

மற்றொன்று. துடைப்பத்தைப் பெண் குழந்தைக்கும் பந்தை ஆண் குழந்தைக்கும் பிரித்துக் கொடுக்காதீர்கள். நாலு வயதில் தன் தட்டைத் தான் கழுவிய பையன்தான் நாளைக்குப் பெண்டாட்டியை, "சோறு எங்கே?" என்று அதட்டாமலிருப்பான். பெண்ணுரிமை என்பதற்கு முதல் பாடம் அங்கே இருக்கிறது.

"எங்களுக்கு நேரம் ஏது?" என்பீர்கள். டேனரியில் நாளெல்லாம் நின்ற காலோடு வருகிறவனுக்கு அசதி இருக்கத்தான் செய்யும். நான் மறுக்கவில்லை. ஆனால் டீக்கடை பெஞ்சிலும் செல்போனிலும் போகிற நேரம் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் பாருங்கள். அரை மணி நேரம் போதும். இராத்திரி படுக்கும்போது, "இன்னிக்கு என்ன நடந்தது? எது பிடிச்சது? எங்கே வலிச்சது?" என்று கேளுங்கள். எதைச் சொன்னாலும் அடிப்பதில்லை என்று ஒரு வாக்குக் கொடுங்கள். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுங்கள். ஊசி போட வேண்டி வந்தால், "வலிக்கும், கொஞ்ச நேரம்தான், நான் கூடவே இருப்பேன்" என்று உண்மையைச் சொல்லுங்கள். என் மகளிடம் கடைசி ஊசிக்கு முன் அப்படித்தான் சொன்னேன். அழுதது. அழுதுகொண்டே கையை நீட்டியது.

ஆகவே தோழர்களே! இந்தக் கூட்டத்தில் இருக்கிற ஆண்பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொள்ளுவது இதுதான். நான் சொன்னேன் என்பதற்காக எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். உங்கள் அறிவைக்கொண்டு யோசித்துப் பாருங்கள். சரியென்று பட்டால் இன்று வீட்டுக்குப் போனதும் குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். நான் பேச்சை நீட்டினால் அதற்குள் உங்கள் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். ஆதலால் இத்துடன் முடித்துக்கொள்ளுகிறேன்.